வேலைக்காரியின் இடது காது

ஒருத்தியை அடிக்கச் சொல்லிக் கத்துவதுதான் என் வேலை. இப்படிச் சொன்னால் அம்மாவுக்குப் பிடிக்காது. சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் சொந்தக்காரர்களிடமெல்லாம் "டிவியில டைரக்டருக்கு அசிஸ்டென்ட்" என்றுதான் சொல்லி வைத்திருக்கிறாள். உண்மையில் நான் பிராம்ப்டர். திருவனந்தபுரத்தில் எடுக்கிற எங்கள் மலையாளத் தொடரில் யாரும் வசனத்தை மனப்பாடம் செய்வதில்லை, அதற்கு நேரமும் கிடையாது. காமிராவுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து நான் ஒவ்வொரு வரியாகக் கத்துவேன். நடிக்கிறவர்கள் அதைக் காதில் வாங்கி, அதே மூச்சில் முகபாவத்தோடு திருப்பிச் சொல்வார்கள். வசனம் மட்டுமில்லை. 'திரும்பு', 'அழு', 'கன்னத்தில் கொடு' எல்லாம் என் வாயிலிருந்துதான் போகும். கையை ஆட்டி அபிநயமும் காட்டுவேன். அங்கே பதிவாகிற சத்தம் எதுவும் டிவியில் வராது. பிறகு ஸ்டுடியோவில் வேறு ஆட்கள் உட்கார்ந்து குரல் கொடுப்பார்கள்.

இதற்கு முன்னால் நான் தொலைக்காட்சித் தொடர்களை மார்க்சியப் பார்வையில் ஆராய்ந்து ஓர் ஆய்வேடு எழுதியிருந்தேன். வர்க்கமும் கருத்தியலும் என்று தலைப்பிலேயே பயமுறுத்துகிற ஆய்வேடு. அதில் ஓர் அத்தியாயம் முழுக்கக் கன்னத்தில் விழுகிற அறையைப் பற்றியது. தொடர்களில் அறை எப்போதும் மேலிருந்து கீழேதான் இறங்கும் என்று எழுதினேன். மாமியார் மருமகளை அறைவாள், முதலாளி டிரைவரை அறைவார், எல்லோருமாகச் சேர்ந்து வேலைக்காரியை அறைவார்கள். வேலைக்காரிக்கு அறைய ஆள் கிடையாது. இதைப் பார்க்கிறவள் யார் வீட்டிலோ பாத்திரம் தேய்த்துவிட்டு வந்தவளாக இருப்பாள், ஆனால் அவள் அழுவதென்னவோ பட்டுப்புடவைக்காரிக்காக. ஆள்கிறவர்களின் எண்ணம் ஆளப்படுகிறவர்களின் கண்ணீராக வெளியே வருகிறது என்று ஒரு வாக்கியம் எழுதிவிட்டு, அன்றைக்கு முழுவதும் என்னை நானே மெச்சிக்கொண்டு திரிந்தேன். பட்டம் கிடைத்தது. வேலை கிடைக்கவில்லை. யாரைத் திட்டி எழுதினேனோ அவர்களிடமே போய் வேலைக்குச் சேர்ந்தேன்.

கழக்கூட்டத்தில் ஹைவேயிலிருந்து உள்ளே தள்ளி, வளைகுடாவில் இருக்கிற யாரோ ஒருவரின் பங்களாவை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். சுற்றிலும் ஐ.டி. பிள்ளைகளின் ஹாஸ்டல்கள். கதையில் அது ஒரு பழைய தறவாடு, பெரிய குடும்பத்து வீடு. அந்த வீட்டுக்கு ஓர் அம்மா. புருஷனை இழந்து, நகையை விற்றுப் பிள்ளைகளை ஆளாக்கி, எதற்கும் வாய் திறக்காமல் கண்ணீரை விழுங்குகிற அம்மா. ஊர்ப் பெண்கள் அவர் படத்துக்கு விளக்கேற்றாதது ஒன்றுதான் பாக்கி. அந்த வீட்டில் ஒரு தமிழ் வேலைக்காரி. அதில் நடித்தவளை நான் அக்கா என்று கூப்பிடுவேன், அவள் என்னை மக்ளே என்பாள். நாகர்கோவில் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்காக இங்கே வந்தவள். மணல் சுமந்துகொண்டிருந்தவளை யாரோ 'தமிழ் முகம் வேண்டும்' என்று கூட்டிவந்தார்கள். அன்றிலிருந்து எத்தனையோ தொடர்களில் எத்தனையோ தறவாடுகளைப் பெருக்கியிருக்கிறாள்.

அறையை எப்படி எடுக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். எங்களிடம் இருந்தது ஒரே காமிரா. ஆனால் டிவியில் அறை விழும்போது மூன்று பக்கத்திலிருந்தும் காட்டுவார்கள், கூடவே இடி இடிக்கும். ஆகவே ஓர் அறையை மூன்று முறை அறைய வேண்டும். தூரத்திலிருந்து ஒன்று, அடிக்கிறவரின் முகத்துக்கு ஒன்று, வாங்குகிறவளின் கன்னத்துக்கு ஒன்று. சினிமாவில் கன்னத்தில் படாமல் அடிக்கச் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கும். எங்களுக்கு ஏது? நிஜமாகவே அடித்துவிட்டால் வேலை சீக்கிரம் முடியும். அம்மாவாக நடித்தவர் நல்ல மனுஷி. தன் சாப்பாட்டிலிருந்து மீன் துண்டை எடுத்து அக்காவின் தட்டில் வைப்பார். அடிப்பதற்கு முன் மறக்காமல் மோதிரத்தைக் கழற்றி வைப்பார். ஆனால் "எனிக்கு அபிநயிக்கான் அறியில்லா மோளே" என்று சொல்லிவிட்டுக் கையை முழுசாக வீசுவார், நடிக்கத் தெரியாதாம். அடித்து முடித்ததும் கட்டிப்பிடித்து அழவும் செய்வார். ஒரு நாள் கூலிக்கு ஒரே கன்னம் மூன்று ஷிப்ட் வேலை பார்த்தது. உபரி உழைப்பைப் பற்றி நான் பக்கம் பக்கமாக எழுதியபோது இது எனக்குத் தெரிந்திருந்தால் இரண்டு வரியில் முடித்திருப்பேன்.

அக்காவின் காது விஷயம் எனக்குத் தெரியவந்தது நாற்காலியால்தான். ஒரு நாள் லைட்டை நகர்த்தினார்கள், நான் நாற்காலியை அவளுடைய வலது பக்கத்துக்குக் கொண்டுபோனேன். அன்றைக்கு எல்லா வரியையும் தவற விட்டாள். நான் எரிந்து விழுந்தேன். டீ இடைவேளையில் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்ச் சொன்னாள்.

"மக்ளே, எனக்க வலது காது செத்துப் போச்சு. கெட்டினவன் குடிச்சிட்டு அடிச்சி அடிச்சி, ஒரு நாளு உள்ளே என்னமோ பொட்டிச்சு. அவனும் போய்ட்டான், காதும் போய்ட்டு. இடது காதும் சொகமில்ல. இன்னொரு பலத்த அடி தாங்காதுன்னு டாக்டர் சொல்லியாச்சு. நீ ஒருத்தரிட்டயும் சொல்லிராத."

வலது கைக்காரர் எதிரே நின்று அறைந்தால் இடது கன்னத்தில்தான் விழும். அவளுக்குக் கேட்கிற ஒரே காது அந்தப் பக்கம். அதுவும் போனால் என் குரல் அவளை எட்டாது, என் குரல் எட்டாவிட்டால் அவளுக்கு வேலை கிடையாது. காது கேளாதவளுக்கு யார் பிராம்ப்ட் செய்வார்கள்? திரும்ப மணல் சுமக்கப் போகிற வயசையும் அவள் தாண்டிவிட்டாள். அதனால்தான், வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லாமல் மூன்று கோணத்துக்கும் கன்னத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கிணற்றடியில் கிடந்த வாளியை எடுத்து யார் தலையிலாவது போட வேண்டும் போலிருந்தது. அன்று முதல் என் நாற்காலி அவளுக்கு இடது பக்கத்தை விட்டு நகரவில்லை.

பிறகு திருட்டுக் காட்சி வந்தது. அம்மா விற்காமல் பத்திரமாக வைத்திருந்த பழைய தாலிச் சங்கிலி காணாமல் போகிறது. எடுத்தவள் நாத்தனார்க்காரி, பழி வேலைக்காரி மேல். எதற்கும் வாய் திறக்காத அம்மா முதல்முறையாகப் பொங்கி எழுந்து அறைய வேண்டும். நான் டைரக்டரிடம் போய், இந்த அறையைப் படாமல் எடுக்கலாம், இல்லாவிட்டால் இடது கையால் அடிக்கச் சொல்லலாம் என்று கெஞ்சினேன். காரணம் கேட்டார். சொல்ல முடியாதே. வன்முறையைக் குறைக்கலாம் என்று ஏதோ உளறினேன். அவர் சிரித்தார். சின்ன வயதிலிருந்தே கட்சி வகுப்புகளில் உட்கார்ந்தவர், எனக்குத் தெரிந்த கலைச்சொல் எல்லாம் அவருக்கும் தெரியும். மலையாளத்தில் அவர் சொன்னதை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"நீ படித்ததையே உனக்குச் சொல்கிறேன், கேள். அடி பொய்யாக இருந்தால் பார்க்கிறவளுக்குக் கோபம் வராது. இத்தனை நல்ல அம்மாவும் கடைசியில் முதலாளிதான் என்று தெரிய வேண்டாமா? நிஜமான அடியில்தான் வர்க்கம் தெரியும்."

"யாரும் அந்த அம்மாவை வெறுக்க மாட்டார்கள் சார். அறைந்த கை வலித்ததா என்றுதான் கேட்பார்கள்."

"ஜனங்களை நம்பாதவள் என்ன மார்க்சிஸ்ட்?" என்று கேட்டுவிட்டு லைட் பார்க்கப் போய்விட்டார். அவரைப் பிடித்து உலுக்கியிருக்க வேண்டும். நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

முதல் அறை தூரத்துக் கோணத்துக்கு. கன்னத்தில் சரியாக விழுந்தது, சத்தம் மாடிவரை போனது. இரண்டாவது அறை கொஞ்சம் ஏறிக் காதுமடலில் விழுந்தது. அக்கா ஒரு பக்கமாகச் சாய்ந்து, சாப்பாட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டாள். மேக்கப்காரர் ஓடிவந்து கன்னத்தில் பவுடர் ஒற்றினார், நிஜச் சிவப்பை மறைத்துவிட்டுக் காமிராவுக்குத் தோதான சிவப்பைப் போட. அவள் என்னைப் பார்த்து, "உள்ளே இரையுது மக்ளே" என்று மெதுவாகச் சொன்னாள். நான் எழுந்து, போதும் சார், இருப்பதை வைத்து ஒப்பேற்றலாம் என்றேன். முக்கியமான கோணமே இனிமேல்தான் என்றார் டைரக்டர்.

மூன்றாவது அறை விழுந்தது. அக்காவின் தலை திரும்பி, வாயிலிருந்து எச்சில் நூலாகத் தெறித்தது. ஸ்கிரிப்டில் இருந்தது அவ்வளவுதான். ஆனால் அம்மாவுக்கு ஆவேசம் ஏறிவிட்டால் நிறுத்தத் தெரியாது. கண்ணீர் வழிய, இன்னோர் அறைக்காக மறுபடியும் கையை ஓங்கிவிட்டார். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்து, கையை ஓங்கி, அம்மாவாக நடித்தவரைப் பார்த்துக் கத்தினேன்: "இனி தொட்டாலுண்டல்லோ, ஆ கை ஞான் ஒடிக்கும்!"

இனித் தொட்டால் அந்தக் கையை ஒடிப்பேன் என்று நான் சொன்னது அது. என் சொந்தக் கோபம். அக்கா அதை வசனம் என்று எடுத்துக்கொண்டாள். காதுக்குள் இரைச்சல், என் குரல் மட்டும் எப்படியோ உள்ளே போயிருக்கிறது. இத்தனை வருஷமும் அந்தப் பக்கத்திலிருந்து வருகிற எதையும் திருப்பிச் சொல்லியே பழகியவள். ஓங்கிய கையை எட்டிப் பிடித்தாள். "இனி தொட்டாலுண்டல்லோ, ஆ கை ஞான் ஒடிக்கும்!" என்று என் குரலிலேயே கத்தினாள். நான் கையை ஓங்கி நின்றதையும் அபிநயம் என்று எண்ணிவிட்டாள் போல. மணல் சுமந்த கை. விட்ட அறையில் அம்மா பின்னால் போய்ச் சோபாவில் விழுந்தார். உதடு பல்லில் கிழிந்து, பட்டுப்புடவையில் ரத்தம் சொட்டியது.

அக்கா தன் கையையும் அம்மாவின் உதட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகுதான் புரிந்தது. தடாலென்று காலில் விழுந்து, "தெரியாம செஞ்சிட்டேன் அம்மா, வசனம்னு நெனச்சிட்டேன்" என்று கதறினாள். நல்ல மனுஷியான அந்த அம்மா உதட்டைத் துடைத்தபடி அவளைத் தூக்கி நிறுத்தினார். டைரக்டர் மட்டும் காமிராவை நிறுத்தவிடவில்லை. அவர் முகம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. "இதுதான் வேண்டும், இதேதான்!" என்று குதித்தார். வேலைக்காரி திருப்பி அடித்ததை அப்படியே வைத்துக்கொள்வதாகச் சொன்னார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான். என் ஆய்வேட்டில் இல்லாத ஓர் அறை, கீழிருந்து மேலே போனது.

டிவியில் வந்தபோது அது வேறு அறையாக இருந்தது. காலில் விழுந்ததை வெட்டிவிட்டார்கள். கையை ஒடிப்பேன் என்று அக்கா சொன்ன இடத்தில், ஸ்டுடியோவில் யாரோ ஒரு பெண்ணின் கரகரப்பான குரல், இந்த வீட்டைச் சுடுகாடாக்குவேன் என்று சொன்னது. வாயசைவு கொஞ்சமும் பொருந்தவில்லை, யாரும் கவனிக்கவுமில்லை. அம்மாவைப் பிறகு இன்னும் இரண்டு முறை விழவைத்து எடுத்து, சோபாவில் விழுவதை மூன்று பக்கத்திலிருந்தும் காட்டினார்கள். உதட்டு ரத்தத்தை மட்டும் தனியாகக் காட்டி வீணை வாசித்தார்கள். சங்கிலியை எடுத்தவளும் இப்போது வேலைக்காரிதான் என்று கதையை மாற்றியாகிவிட்டது. சொத்தைப் பறிக்க வேஷம் போட்டு நுழைந்தவளாம். டைரக்டரிடம் போய், இதுதான் உங்கள் வர்க்கமா என்று கேட்டேன். "சேனல் சொல்கிறது, நானும் கூலிக்காரன்தான்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அக்காவுக்கு இதிலெல்லாம் வருத்தமில்லை. வில்லியானதால் அவளுக்கு வேலை நாள் கூடியது. "இப்போ எனக்கும் வசனம் கெடக்கு மக்ளே" என்று பெருமைப்பட்டாள். காதுக்குள் இரைச்சலும் மெல்ல அடங்கியது. அறை வாங்கிய அன்று, காது தப்பினால் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டிருந்தாளாம். ஒரு காலை நேரம் நான்தான் துணைக்குப் போனேன். வேலைக்கும் கடைக்கும் போகிற கூட்டம், பஸ் ஹாரன், சபரிமலைக்குப் போகிற சாமிகள். தேங்காயை ஓங்கி அடித்தாள். ஒரே அடியில் சிதறியது. நல்ல சகுனம் என்று சிரித்துக்கொண்டே திரும்பினாள்.

திரும்பின இடத்தில் ஒரு பெண் நின்றாள். அக்கா வயசுதான். தோளில் துணிப்பை, கையில் டிபன் பாத்திரம். "நீயல்லேடீ ஆ அம்மயெ தல்லியது?" என்றாள். அந்த அம்மாவை அடித்தது நீதானே என்று கேட்கிறாள். டிவியில் பார்த்துத் தன்னை அடையாளம் கண்டுகொண்டார்கள் என்ற கூச்சத்தோடு அக்கா தலையாட்டினாள். அந்தப் பெண் பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டு அறைந்தாள். எந்தக் காமிராவுக்காகவும் இல்லாத அறை. உள்ளங்கை முழுவதும் இடது காதில் அப்பி விழுந்தது. அக்கா தேங்காய்ச் சில்லுகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டாள். காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கியது.

நான் அந்தப் பெண்மேல் பாய்ந்தேன். தலைமுடியைச் சுருட்டிப் பிடித்துக் குனியவைத்து முதுகில் குத்தினேன். முகத்தில் நகத்தால் கீறினேன். அவள் என் கையைக் கடித்தாள். கடித்த வலியில் இன்னும் குத்தினேன். சுற்றி நின்றவர்கள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கொன்றுவிடலாம் என்றுதான் அந்த நேரம் இருந்தது, அதை அலங்காரமாகச் சொல்லவில்லை. பூக்கடைக்காரர் ஒருவர் பிடித்து இழுத்துப் பிரித்தபோது என் விரலில் அவள் முடி கொத்தாக இருந்தது. அவள் மூச்சு வாங்க, அக்காவைக் காட்டி, கூடி நின்றவர்களிடம் அழுதுகொண்டே நியாயம் சொன்னாள்.

"ஞான் நாலு வீட்டில் பணி எடுக்குன்னவளா. இதுவரெ ஒருத்தரும் என்னெ சம்சயிச்சிட்டில்லா. இவளு காரணம் இப்போ எல்லா வீட்டிலும் என்றெ சஞ்சி துறந்நு நோக்கியிட்டா விடுன்னது!"

நாலு வீட்டில் வேலை செய்கிறவளை இதுவரை யாரும் சந்தேகப்பட்டதில்லையாம்; டிவியில் அக்காவின் திருட்டைப் பார்த்த பிறகு, வேலை முடிந்து கிளம்பும்போது பையைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறார்களாம். தொடரில் வரும் அம்மாவின் பட்டுப்புடவைக்காக அழுத பெண் இல்லை அவள். ஆய்வேட்டில் நான் இவளைப் போன்றவளை டிவி முன்னால் உட்காரவைத்து ஏமாளி என்று எழுதிவிட்டு எழுந்து வந்திருந்தேன். இவளுடைய பையை யாராவது திறந்து பார்ப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவமானமாக இருந்தது. அதே சமயம் அவளை இன்னும் நாலு சாத்து சாத்தவும் கை துடித்தது. இரண்டும் சேர்ந்தே இருந்தன. அவள் டிபன் பாத்திரத்தைப் பொறுக்கிக்கொண்டு வேலைக்கு ஓடினாள்.

மெடிக்கல் காலேஜில் டாக்டர் பார்த்துவிட்டு, ஜவ்வு நன்றாகக் கிழிந்திருக்கிறது, உள்ளேயும் அடிபட்டிருக்கிறது, கேட்பது திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார். அவர் சொன்னது அக்காவுக்குக் கேட்கவில்லை. என் வாயைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்காததிலிருந்தே தெரிந்துகொண்டாள். என் கையைப் பிடித்து, உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினாள். யாரிடமும் சொல்லக் கூடாது.

சொல்லவில்லை. காதில் பஞ்சு வைத்து, முடியை இழுத்து மூடி, அவள் ஷூட்டிங்குக்கு வந்தாள். நான் காமிராவுக்கு ஒட்டி நின்று ஒவ்வொரு வரியையும் வாயை அகலத் திறந்து, குழந்தைக்குச் சோறூட்டுகிற மாதிரி காட்டினேன். அவள் என் வாயைப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். அம்மாவைப் பார்த்துப் பேச வேண்டிய இடத்திலும் என்னையே பார்த்தாள். பார்வை சரியில்லை, பார்வை சரியில்லை என்று டைரக்டர் கத்திக்கொண்டே இருந்தார். அவர் கத்துவதும் அவளுக்குத் தெரியவில்லை. திமிர் பிடித்துவிட்டது என்றார்கள். வில்லிக்குத் தண்டனை கொடுக்க வேண்டிய நேரமும் வந்துவிட்டது என்று சேனலில் சொன்னார்களாம். மாடிப்படியிலிருந்து உருட்டிவிட்டுக் கதையை முடிக்கத் தீர்மானித்தார்கள்.

கடைசி நாள் அவள் பிணம். ஹாலின் நடுவே, தலைக்கடியில் மேக்கப் ரத்தம் குளமாக ஊற்றியிருக்க, கண்ணை மூடிக் கிடந்தாள். வசனமே இல்லாததால் எனக்கும் அன்று பயமில்லை. அம்மா பக்கத்தில் மண்டியிட்டு, தன்னை அடித்தவளை மன்னித்து, அவள் நெற்றியைத் தடவி அழுதார். நிஜமாகவே அழுதார். குடும்பமே சுற்றி நின்று அழுதது. டைரக்டர் கட் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். சாப்பாட்டு வண்டி வந்திருந்தது, ஒவ்வொருவராகத் தட்டை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார்கள். லைட்டை அணைத்தார்கள். நான் காகிதங்களை அடுக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், இருட்டு ஹாலில் அவள் இன்னும் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தாள்.

போய் உட்கார்ந்து தோளைத் தொட்டேன். இரண்டு கையையும் தூக்கி முகத்தை மூடிச் சுருண்டுகொண்டாள். கொஞ்சம் பொறுத்து விரலிடுக்கு வழியாக என்னைப் பார்த்தாள். தன் குரல் தனக்கே கேட்காததால் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறாள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"முடிஞ்சுதா மக்ளே? இனி அடி இல்லியே?"

வராந்தாவில் சாப்பிட்டுக்கொண்டிருந்த எல்லோரும் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.